பீரிசில் எரிந்த விளக்கு

வெள்ளவத்தை
4.7.99

அன்புள்ள மகன் யோகனுக்கு,

அம்மா எழுதுவது. எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பிறசர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன். நீயும் மருமகளும் சின்னவனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மயூரபதி அம்மாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே போன கிழமையும் லொட்ஜுகளில் பொலிஸ் பெடியளை ஏற்றிக்கொண்டு போய்ப் பின்னேரம் விட்டார்கள், என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நீ யோசிக்காதே. வீட்டுக்கார நாகேஸ்வரி அக்கா கேற்றுக்குக் கொழுக்கி போடச்சொல்லி இவ்வளவு நாளும் என்னோடு சண்டை. நான் ஏன் போடாமல் விட்டேனென்று உனக்குத் தெரியும். அப்பா செத்ததை ஒருவரும் கண்டு சொல்லவில்லை, செத்த நாளும் தெரியாமலிருந்தது, அதனால் திவசமும் இல்லை, நானும் பொட்டோடுதான் இருக்கிறேன். வந்து தட்டினால் எனக்குக் கேளாமல் போய்விடுமோ என்ற பயம்.

போன வருஷம் எழுதினேனே, கொட்டாஞ்சேனையிலிருந்து ஐறீன் என்றொரு பிள்ளை ரேப் றெக்கோடரோடு வந்தாளென்று. எண்பத்திமூன்று ஆடிக் கலவரத்தில் நடந்ததைச் சனங்களின் வாயாலேயே பிடித்து வைக்கிறாள். கொளுத்தினவையின்ரை கதை ஊருக்கே தெரியும் அன்ரி, கதவு திறந்தவையின்ரை கதையைச் சொல்லுங்கோ என்றுதான் கேட்டாள். நானும் மேல்வீட்டுச் சிங்கள மனுசி மாக்ரெட் நோனா எங்களைக் கட்டிலுக்குக் கீழே படுக்கவைத்து, நீ இருமாமலிருக்க வாயில் கற்கண்டு போட்டதெல்லாம் சொன்னேன். அப்பா திங்கட்கிழமை காலமை புறக்கோட்டைக் கடைக்குப் போனவர் போனவர்தான் என்றும் சொன்னேன். அவருடைய பேரென்ன அன்ரி என்றாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை, எங்கள் அம்மாவும் அவவின் மனிசனின் பேரைச் சொன்னதில்லை. உன் பள்ளிக்கூடத்தில் கேட்டபோதும் உன்னைத்தானே சொல்லவைத்தேன். ஐந்தெழுத்து மந்திரம்தான் பிள்ளை அவருடைய பேர் என்றேன். அவள் வேதக்காரப் பிள்ளை, அவளுக்கு என்ன விளங்கும், சிரித்துக்கொண்டு மெசினை நிப்பாட்டிவிட்டாள்.

போன கிழமை ஒரு சைவப் பிள்ளையோடு இருந்து என் கசற்றைத் திரும்பக் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை பேரை உடைத்துச் சொன்னதும் ஐறீன் தன் கசற் பெட்டியை இழுத்துக் கவிழ்த்தாளாம். அந்தப் பேர் அவளிடமிருந்த இன்னொரு கசற்றில் இருந்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் நளீபா என்ற முஸ்லிம் அம்மாவின் கசற். அவவிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்துதான் எனக்குப் போட்டாள். எங்கட பின் மதிலடியில ஒரு மனிசர் ரெத்தத்தோட கிடந்தார், பேர் கேட்டா நமசிவாயம் எண்டார், வெள்ளவத்தையில பொஞ்சாதி புள்ள இரிக்கி எண்டார், அதுக்கு மேல பேச்சு இல்ல என்று சொல்கிறா. குசினிக்குள் அடுப்படியில் கிடத்தினார்களாம். அவவின் மனிசன் ஸவாஹிர் ஊரடங்குக்குள் டொக்டரைத் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தாராம். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை பொழுதுபட மகரிபுக்குப் பாங்கு சொல்ல, அவவின் கையால் இரண்டு மிடறு தண்ணீர் குடித்தபடி அடங்கினாராம். தமிழ் ஆக்கள் தலைமாட்டில விளக்கு வைப்பாங்களே, எங்கட வீட்டில ஏது குத்துவிளக்கு, தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற பீரிசில தேங்காண்ணை ஊத்தி, என்ட முந்தானையக் கிழிச்சித் திரி போட்டேன், வெளிச்சம் தெரிஞ்சா எங்களையும் கொளுத்துவானுகள் எண்டு இவர் ஏசினார், நான் கையால மறைச்சிக்கிட்டு விடியுமட்டும் இருந்தேன், தலைய எந்தப் பக்கம் வைக்கிற எண்டு தெரியாமப் போச்சி, பிழையாகிட்டோ எண்டு இன்னும் பயம் என்கிறா. காலமை பொலிஸ் லொறி வந்து உடம்பை ஏற்றிக்கொண்டு போனதாம். பிறகு அவ இரத்மலானை அகதி முகாமுக்குப் போய் அந்தப் பேரைச் சொல்லி எங்களைத் தேடியிருக்கிறா. அதற்குள் எங்களைக் கப்பலில் காங்கேசன்துறைக்கு ஏற்றிவிட்டார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கசற்றுக்குள் பாங்கு கேட்கிறது தம்பி. அவ பேச்சை நிப்பாட்டுகிறா. ஒரு நீண்ட மூச்சு. பிறகு மூக்கைச் சிந்துகிறா. எழுதி வைத்திருந்தால் அந்த மூச்சு எங்கே வந்திருக்கப் போகிறது. அந்த மூச்சுக்குள்தான் உன் அப்பா செத்தார். இப்போது பின்னேரத்தில் இங்கே பள்ளியில் பாங்கு சொன்னாலும் எனக்கு அந்த மூச்சுத்தான் கேட்கிறது, அடுப்பை அணைத்துவிட்டு நின்றுவிடுகிறேன். பதினாறு வருஷமாக அவரை மறியல் கம்பிகளுக்குப் பின்னாலும் பற்றைக்குள்ளும் நினைத்து நினைத்துத் தேடினேன். அவரோ ஒருத்தியின் குசினியில் வெளிச்சத்தோடு கிடந்திருக்கிறார். நேற்று நானாகவே கேற்றுக்குக் கொழுக்கி போட்டேன். நாகேஸ்வரி அக்கா பார்த்துக்கொண்டு நின்றா.

ஐயர் ஆடி அபரபக்கத் துவிதியை என்று திதி பிடித்துத் தந்தார். இந்த வருஷம் முப்பதாம் திகதி வெள்ளிக்கிழமை வருகிறது. வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோயிலில் ஐயருக்கு அரிசி காய்கறி கொடுத்து, எள்ளும் தண்ணீரும் இறை. அன்று காலமை நான் பொட்டை அழிப்பேன், ரெலிபோனில் அழாதே. தலை எந்தப் பக்கம் இருந்தாலும் குற்றமில்லையென்று ஐயர் சொன்னதை நளீபாவிடம் சொல்ல, வாற ஞாயிறு ஐறீனோடு போகிறேன். நீயும் உன் பிள்ளையும் நீடூழி வாழ வேண்டும், அம்மாளாச்சி காப்பாற்றுவா.

பாலசுந்தரம் மாமாவின் மகள் அங்கே வரும்போது நளீபாவின் கசற்றின் கொப்பியைக் கொடுத்துவிடுகிறேன். ஆரும் மேலே பாட்டு அடித்துப்போடாமலிருக்க அதன் காது இரண்டையும் உடைத்துவிட்டேன். தனிய இருந்து கேளாதே, மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொள். அவ பேசி முடிந்த பிறகு ஐறீன் திரும்பவும் மெசினைப் போட்டு என்னிடம் பேர் கேட்கிறாள். அதற்குப் பிறகு கனநேரம் ஒரு சத்தமும் இராது, முடிந்துபோச்சென்று நிப்பாட்டிவிடாதே. ஒரு மனுசி நமசிவாயம் என்று சொல்லுவாள். குரல் உனக்குப் பிடிபடாது. அது நான்தான்.

இப்படிக்கு,
அன்பு அம்மா
கனகேஸ்வரி