கருக்கலூருக்குப் புதிதாக வருகிறவளுக்கு

சாயல்குடி,
பங்குனி மூன்றாம் தேதி

அன்புத் தங்கச்சி கோகிலாவுக்கு அக்கா ராமலெட்சுமி எழுதுவது. நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் இல்லை.

உன் வீட்டுக்காரர் சேதுபதியின் வருஷத் திவசத்தன்று தொண்டியில் உன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: சுவரோரம் கட்டிலில் நீ. கால்மாட்டில் உன் மகன் பூமிநாதன். நிலையைப் பிடித்துக்கொண்டு மருமகள் துர்காதேவி. மடியில் புத்தகத்தோடு பேத்தி சிவரஞ்சனி. இருந்த ஒரே நாற்காலியில், எப்போதும்போல, சேதுபதியின் அண்ணன் கோட்டைச்சாமி. வாசற்படியில் உன்னை ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிப்போகிற காஜா நவாஸ், கையில் பாயசத் தம்ளர். தரையில், இலைக்கு முன்னால், நான். மொத்தம் ஏழு பேர்.

இத்தனை பேர் முன்னால்தான் நீ சொன்னாய்: "செவ்வாயும் வெள்ளியுமா அந்த மிசின்ல படுத்தது போதும். புள்ளைக்குப் பரீச்ச முடியிற வரைக்கும் போறேன், அது கெட்டுறக் கூடாது. அதுக்கப்பறம் வண்டியில ஏற மாட்டேன்."

அதற்கு யார் என்ன செய்தார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. பூமிநாதன் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். துர்காதேவி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை, எல்லாவற்றையும் நான் காலையிலேயே கழுவிக் கவிழ்த்துவிட்டேன். சிவரஞ்சனி ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் புரட்டினாள். கோட்டைச்சாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அவ ஒடம்பு, அவ முடிவு. நாம என்னத்தச் சொல்ல" என்றார். உன் கல்யாணத்தில் உட்கார்ந்த இலையிலிருந்து என்னை எழுப்பி இரண்டாம் பந்திக்கு அனுப்பியவர் அவர். அன்றிலிருந்து முப்பத்தொன்பது வருஷமாக அந்த வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். காஜா நவாஸ்தான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் வழக்கம்போல வண்டியக் கொண்டாந்து நிப்பாட்டுவேன்மா. ஏறுறதும் ஏறாததும் ஒங்க இஷ்டம்" என்றான். நான் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் போனில் பேசினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். நேரில் வர இந்தக் காலோடு மூன்று பஸ் மாற முடியாது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்துதான். யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லாதே. தட்டுத்தடுமாறி நீயே வாசி.

போன வருஷம் ஆனியும் ஆடியும் உன்கூடவே ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்து, நாலு மணி நேரம் உன் ரத்தத்தை அந்த மிசின் கழுவி முடிக்கும் வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே. அப்போது குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ, "என்னக்கா, சாமி பாட்டா" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். பொய். அது ஒரு விளையாட்டு. பேர் கருக்கலூர். அடுத்த கட்டில் அஃபீஃபா கற்றுக்கொடுத்தது. புதுமடத்துத் தையல்காரி, சிரிப்பாணி பிடித்தவள், எட்டு வருஷமாக அந்த மிசினில் படுக்கிறாள். என் பேரன்மார் கூப்பிடுகிற மாதிரியே என்னை அப்பத்தா என்பாள். விளையாட்டைச் செய்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தான் என்று சொன்னாள்.

அது ஒரு பாழடைந்த ஊர். ஒன்பது சனம், ஒரு காய்ந்த புஞ்சை, ஒரு தூர்ந்த கிணறு, ஊரைவிடப் பெரிய மயானம். எந்நேரமும் விளக்கு வைக்கிற பொழுதின் வெளிச்சம்தான். விடியாது, இருட்டவும் செய்யாது. காக்கைகள் கத்திக்கொண்டே இருக்கும். சனத்துக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும், விதைக்க வேண்டும், செத்தால் அடக்கம் பண்ண வேண்டும். நாம் போனை மூடி வைத்தாலும் அங்கே நாள் ஓடும். ஜெயிப்பது என்று ஒன்று அதில் கிடையாது. எத்தனை நாள் ஊரைக் காப்பாற்றி வைக்கிறாய் என்பதுதான்.

புதிதாக வருகிறவள் நீ. நான் செய்த தப்பை நீயும் செய்யாமல் இருக்கச் சிலதைச் சொல்கிறேன்.

முதல் நாளே கோயில் கட்டாதே. எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன். சனம் கும்பிட்டுக்கொண்டே தாகத்தில் விழுந்தது. முதலில் கிணற்றைத் தூர்வாரு. நம் ஊர் மாதிரி ஐப்பசி மழையைப் பார்த்து விதைக்கலாம் என்று இருக்காதே, அங்கே மழைக்கு வாக்குக் கிடையாது. இங்கேயும் இப்போது அப்படித்தான். இந்தத் தையில் பெய்யக் கூடாத மழை பெய்து, களத்தில் காயப்போட்ட மிளகாய் பாதிக்கு மேல் வெளுத்துப் போயிற்று. பொறுக்கக்கூட ஆள் வரவில்லை. நானே உட்கார்ந்து பொறுக்கினேன். முழங்கால் போனது அதில்தான்.

சனத்தை ஓய்வில்லாமல் வேலைக்கு ஏவாதே. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு சின்ன விளக்கு தெரியும். அது மங்கினால் ஆள் மனசு விட்டுவிட்டான் என்று அர்த்தம். மங்கியவனுக்கு இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினால் சரியாகும் என்று நினைப்போம். ஆகாது. அவன் பக்கத்தில் இன்னொரு ஆளைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் வெளிச்சம் ஏறும். அந்த ஆள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். இதைக் கண்டுபிடிக்க அஃபீஃபாவுக்கே இரண்டு வருஷம் ஆயிற்றாம்.

பத்து நாளைக்கு ஒருமுறை கறுப்புப் போர்வைக்காரன் ஒருவன் குதிரையில் வருவான். பயந்து கதவைச் சாத்தினால் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். திறந்து ஒரு மரக்கால் தானியத்தை அளந்து கொடு. வாங்கிக்கொண்டு போய்விடுவான். அடுத்த பத்து நாள் நம்முடையது. அப்புறம் திரும்ப வருவான், திரும்ப அளக்க வேண்டும். எனக்கும் சலித்துத்தான் போகிறது. ஒரு நாளாவது வராமல் இருக்க மாட்டானா என்று கேட்டதற்கு அஃபீஃபா, "அவன் வாரது வரைக்கும்தான் அப்பத்தா நம்ம ஊரு இருக்குன்னு அர்த்தம்" என்றாள்.

மூலையில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும். ஊரைக் கைவிடு என்று எழுதியிருக்கும். நோயும் பஞ்சமும் சேர்ந்து வருகிற நாளில் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரியும். தொட்டால் ஒரே நொடி, எல்லாம் அமைதியாகிவிடும், திரும்ப வராது. நானே இரண்டு தடவை விரலைக் கொண்டுபோயிருக்கிறேன்.

செத்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் பெரிய தப்புப் பண்ணியது அதில்தான். சனத்துக்கு நாமே பேர் வைக்கலாம். தடி ஊன்றி நடக்கிற கிழவன் ஒருவனுக்கு நம் அய்யா பேரை, நாகநாதன் என்று வைத்துத் தொலைத்தேன். பதினோராம் நாள் காய்ச்சலில் அவன் செத்துப்போனான். தலை முழுகினேன். போனை மஞ்சள் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். அய்யா பேர் உள்ளவர் செத்த தீட்டோடு எப்படிப் புஞ்சையில் இறங்குவது, விதையைத் தொடுவது? பதினாறு நாள் எடுக்கவே இல்லை. பதினேழாம் நாள் குளித்துவிட்டுத் திறந்தால், ஊர் முழுக்கக் காக்கை. ஒரு தலைக்கு மேலும் விளக்கு இல்லை. அடக்கம் பண்ணவும் ஆள் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதை அஃபீஃபாவிடம் காட்டினேன். அவள், "ஏ அப்பத்தா, செத்தவருக்குத் தீட்டுக் காத்து, உசுரோட இருந்த எட்டுப் பேரையும் பட்டினி போட்டுட்டீகளே" என்று சிரித்த சிரிப்பில் கை ஆடி, மிசின் கீச்சுக்கீச்சென்று கத்தி, நர்ஸம்மா ஓடி வந்து எங்கள் இரண்டு பேரையும் வைதாள். சத்தத்தில் நீகூட முழித்து, "என்னவாம்" என்று கேட்டாய். ஒன்றுமில்லை, தூங்கு என்றேன். அந்த எட்டுப் பேரில் ஒருத்திக்கு நான் கோகிலா என்று பேர் வைத்திருந்தேன். அதை அஃபீஃபாவிடமும் சொல்லவில்லை.

அந்த ஊரில் வழக்கம் வேறு. அடக்கம் பண்ணிவிட்டு வந்த கையோடு உலை வைத்துவிட வேண்டும். மயானத்தை ஒட்டின நிலம்தான் அங்கே நன்றாக விளைகிறது. முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது. இப்போது அதில்தான் கேழ்வரகு போடுகிறேன்.

நீ சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஊசியின் பருமனைப் பார்த்திருக்கிறேன். அளவுத் தண்ணீர்தான் என்பதால், தாகத்துக்கு ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, கரையக் கூடாதே என்று நீ நாக்கை அசைக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது தேவிபட்டினம் தாண்டுவதற்குள் நீ இரண்டு தடவை வாந்தி எடுப்பாய். சேதுபதி இருந்திருந்தால் "ஏ கோகிலா, பொறப்படு" என்று செருப்பை எடுத்து வாசலில் போடுவார். நீயும் வைதுகொண்டே கிளம்புவாய். பூமிநாதனுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. அம்மா மனசு நோகக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை அவன். நல்ல பிள்ளைதான், என்ன செய்ய.

என் வீட்டுக்காரர் போனபோது நீ மூன்றாம் நாள்தான் வந்தாய். பஸ் இல்லை என்றாய். பஸ் இருந்தது. விசாரித்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோபம் என்னிடம் அப்படியே இருக்கிறது. ஆனால் வந்தவள் என்ன செய்தாய் என்பதும் மறக்கவில்லை. மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் படுத்திருந்தவள் முன்னால் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்து, "குடிக்கா. குடிக்காட்டி மூஞ்சியில ஊத்துவேன்" என்றாய். அத்தனை சனம் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தேன்.

இப்போது விஷயத்தைக் கேள். ஊர் அழிந்த பிறகு நானும் அஃபீஃபாவும் ஒரே ஊரைச் சேர்ந்து பார்க்கிறோம். புஞ்சை எனக்கு, மயானமும் நோயாளிகளும் அவளுக்கு. மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்கிறது. கிணற்றையும் தோட்டத்தையும் உனக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் ஒரு ஆளைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு போனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். தூரத்திலிருந்து ஆகாது. என்னையும் அவள் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துத்தான் சேர்த்தாள். பூமிநாதன் வாங்கிக் கொடுத்த போன் உன் தலையணைக்கு அடியில் சும்மாதானே கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போ, மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். ஊசி உனக்கு இடது கையில். வலது கை சும்மா இருக்கிறது.

சிவரஞ்சனிக்குப் பரீட்சை செவ்வாய்க்கிழமை இருபத்தைந்தோடு முடிகிறது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை உன்னைச் சேர்க்கச் சொல்லி அஃபீஃபாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ என்ன முடிவில் இருக்கிறாய் என்று அஃபீஃபாவுக்கு நான்தான் சொன்னேன், வைவதானால் என்னை வை. அதற்கு அவள், "அன்னிக்கு அவுக கட்டிலத்தான் பாத்துக்கிட்டுக் கெடப்பேன் அப்பத்தா. அது காலியாக் கெடந்துச்சுன்னா அப்பறம் எனக்கும் இங்கன வரக் கால் வராது" என்றாள். எட்டு வருஷத்தில் அவள் பக்கத்துக் கட்டில் எத்தனை தடவை காலியாயிற்று என்று நான் கேட்கவில்லை.

கிணற்றுக்குத் தெற்கே உன் தோட்டத்தில் ஒரு பனங்கொட்டை ஊன்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் பத்து நாளில் விளையும். பனை மட்டும் காய்க்க நம் நாளில் ஒரு வருஷம் ஆகுமாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் ஊற்ற மாட்டேன். எனக்குப் புஞ்சை வேலையே சரியாக இருக்கிறது.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். உப்பைக் குறைத்துத் தின். நம் குலசாமி உன்கூட வண்டியில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து வரட்டும்.

உன்மேல் கோபம் தீராத அக்கா,
ராமலெட்சுமி

கையெழுத்துப் போட்ட பிறகும் தாளில் இடம் இருக்கிறது. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பூமிநாதன் வாயில்லாப் பிள்ளை. துர்காதேவி அழுவதற்குத்தான் குழாயைத் திறந்தாள், அது எனக்குத் தெரியும். அவர்களை விட்டுவிட்டேன். கோட்டைச்சாமிக்கும் எழுபத்தாறு ஆகிறது, அந்த இரண்டாம் பந்தியோடு சேர்த்து அவரையும் விட்டுவிடுகிறேன். வடையைப் பிய்த்துக்கொண்டு சும்மா இருந்த என்னை விட்டுவிடத்தான் இத்தனை பக்கம் எழுத வேண்டியிருந்தது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காஜா நவாஸ் வண்டி உன் வாசலில் நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஆள் ஏறாமல் திரும்பிப் போயிற்று என்று எனக்குத் தகவல் வந்தால், ஒரே ஒருத்தியை மட்டும் நான் என் கட்டை வேகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். அவள் கோகிலா.