நாலு மடங்கு போதும்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் பீன்ஸ் பறித்தேன். மதியம் அம்மா முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்பியபின் அது நடந்தது. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சின்ன வேட்டைக்கு அப்பா வைத்திருக்கும் ட்வென்டி டூ துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, பெரியப்பா மகன் டேனரோடு தகர டப்பா சுடப் போனேன். விழுந்த டப்பாக்களை அடுக்குவதற்காகத் துப்பாக்கியை டேனரின் டிரக்கின் பின்கதவில் சாய்த்து வைத்தேன். குண்டுகளை எடுத்துவிட்டேன்தான். ஆனாலும் சாய்த்தேன். அது சரிந்து கல்மேல் விழுந்தது. மேலே குறிபார்க்க மாட்டியிருக்கும் ஸ்கோப்பின் முன்கண்ணாடி குறுக்கே பிளந்துவிட்டது.

எங்கள் வீட்டில் துப்பாக்கிக்கு ஒரே விதி. "எதுமேலயாவது சாய்ச்சு வெச்சேன்னா அந்த வருஷம் முதல் நாள் வேட்டை உனக்குக் கிடையாது. அழுதாலும் கிடையாது." அப்பா சொன்னால் சொன்னதுதான். அதோடு, அந்த ஸ்கோப் அம்மா அவருக்கு வாங்கிக் கொடுத்தது.

அப்பா ஓஹையோ ஆற்றில் இழுவைப் படகில் வேலையில் இருக்கிறார். செப்டம்பர் பத்தாம் தேதி வருவார். பதிமூன்றாம் தேதி அணில் வேட்டை தொடங்குகிறது.

ஆகஸ்ட் 20

அதே அளவில், அதே கறுப்பில் இன்னொன்று மாட்டிவிட்டால்? யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 23, சனி

டேனர் என்னைப் பழைய சாமான் சந்தைக்குக் கூட்டிப்போனான். மேசைமேல் என் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்கோப். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்குமாம்.

"இதை வாங்குடி, ட்ரெஸா. அணிலோட மீசைய எண்ணலாம்."

"என்கிட்ட இருக்கிறதே ஐம்பது டாலர். மீசைய எண்ணி என்ன பண்றது?"

"பயந்தாங்கொள்ளி. உங்கப்பா வந்ததும் நீயே போய் உளறப்போற பாரு."

வாங்கவில்லை. அப்பாவுக்குக் கண்பார்வை நன்றாகவே இருக்கிறது. அதைப் பார்த்த உடனே கேட்டுவிடுவார். ஆனால் எதை வாங்குவது? எனக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பள்ளி விட்டதும் கழற்றி வைத்திருந்த உடைந்த ஸ்கோப்பைச் சாப்பாட்டுப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வெர்னா அத்தையின் இரும்புக்கடைக்குப் போனேன். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் உடைத்தது என்று கேட்கவில்லை.

நான் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பெரிய ஒன்றைக் காட்டினேன். விலை குறைத்துப் போட்டிருந்தார்கள்.

"அது மான் துப்பாக்கிக்குச் செஞ்சது, கண்ணு. நூறு கஜத்துக்குச் சரியா இருக்கும். நீ முப்பது கஜத்துல அணிலைப் பாத்துட்டுத் தலைய இத்துனூண்டு நகத்துனா, குறுக்குக்கோடு அணிலை விட்டுட்டு மரத்துக்குப் போயிடும்."

நம்பாமல் கடைக்கு உள்ளேயே பார்த்தேன். ஸ்கோப்பை மாவு மூட்டைமேல் அசையாமல் வைத்து, எதிர்ச்சுவர் நாட்காட்டியில் ஒரு எண்ணைக் குறிவைத்துத் தலையை மட்டும் நகர்த்தினேன். கோடு பன்னிரண்டிலிருந்து பதிமூன்றுக்கு வழுக்கியது! பிறகு சின்னதை வைத்துப் பார்த்தேன். நாலு மடங்கு மட்டும், ட்வென்டி டூவுக்கென்றே செய்தது. கோடு பன்னிரண்டிலேயே நின்றது.

"மாட்டுற வளையமும் பாத்து வாங்கணும். உங்க துப்பாக்கி மேல வளையம் உக்கார்ற காடி குறுகலானது. பெரிய வளையம் பிடிக்காது. எல்லாரும் அதுலதான் ஏமாந்து ரெண்டாவது தடவை வருவாங்க."

நாற்பத்திரண்டு டாலர், வளையத்தோடு. நான் ஏமாறவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

அம்மா வேலைக்குப் போனதும் மாட்டினேன். வெர்னா அத்தை சொன்னபடி ஒரு திருகை ஒரேயடியாக இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு மேட்டுப் பக்கம் பார்த்து, இருபத்தைந்து கஜத்தில் காகிதம் ஒட்டிச் சுட்டேன். முதலில் குண்டு கீழே போனது. ஸ்கோப்பின் குமிழைத் திருகினேன். கடைசி மூன்று துளைகளையும் ஒரு கால் டாலர் காசால் மூடிவிடலாம். சரியாக மையத்தில்!

ஒன்று மட்டும் புரியவில்லை. பழைய ஸ்கோப்பில் எப்போதும் என் குண்டு இடது பக்கம் போகும். "விசைய வெடுக்குன்னு இழுக்கிற" என்று இரண்டு வருடமாக அப்பா சொல்கிறார். இன்று ஒன்றுகூட இடது பக்கம் போகவில்லை. அப்படியென்றால் நான் இழுக்கவே இல்லையா?

செப்டம்பர் 10

அப்பா வந்துவிட்டார். துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார். துணியால் துடைத்தார். திரும்ப வைத்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா கொல்லையில் குறி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று குண்டு. மூன்றும் மையத்துக்கு வலது பக்கம் ஒரு அங்குலம் தள்ளி, ஒன்றையொன்று ஒட்டினாற்போல. அப்பா குறி தவறி நான் பார்த்ததே இல்லை.

காகிதத்தைப் பார்த்தார். ஸ்கோப்பைப் பார்த்தார். அப்புறம் என்னை.

டேனர் சொன்னது சரிதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டிரக், கல், கண்ணாடி, வெர்னா அத்தை, எல்லாம். அழவில்லை, கொஞ்சம்தான்.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் திருப்பினார்.

"பழசு ஒரு அங்குலம் இடது பக்கம் சுடும். நான் எப்பவும் ஒரு அங்குலம் வலது பக்கம் பிடிப்பேன். பழகிப்போச்சு."

"ஏன் திருகி சரி பண்ணலப்பா?"

"திருகு அசையாது. ஆறு வருஷம் முன்னாடி ஓடைக்கரையில வேலிக்கம்பத்துல சாய்ச்சு வெச்சேன். விழுந்துடுச்சு. உங்கம்மா ஆசையா வாங்கிக் குடுத்தது. எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயந்ததெல்லாம் போய்விட்டது. "அப்போ நான் வெடுக்குன்னு இழுக்கிறேன்னு சொன்னது?"

"நீ நல்லாத்தான் சுட்ட. பழிய உன்மேல போட்டுட்டேன்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஆனா விதி விதிதான், ட்ரெஸா. நாளைக்கு உனக்குத் துப்பாக்கி கிடையாது."

"அப்போ உங்களுக்கு?"

தொப்பியைத் தலையில் மாட்டினார். "எனக்கும்தான்."

செப்டம்பர் 13, சனி

மலை முழுக்கத் துப்பாக்கிச் சத்தம். நானும் அப்பாவும் ஹிக்கரி மரத்தடியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தோம். ஒன்பது அணிலை எண்ணினோம். ஒன்று அப்பாவின் நேர் மேலே உட்கார்ந்து கொட்டை கொறித்துத் தோலையெல்லாம் அவர் தொப்பியில் போட்டது.

"கொழுப்பப் பாரு. அதுக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு."

சிரிப்பை அடக்க என் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டேன்.

இதைச் சமையலறை மேசையில் எழுதுகிறேன், பகல் வெளிச்சத்தில். அடுப்பில் கிரேவி கொதிக்கிறது. வெறும் பையோடு ஏன் வந்தோம் என்று அம்மா கேட்டாள். அப்பா அவளை வாசல் பக்கம் கூட்டிப்போனார். துப்பாக்கியும் அவர் கையில் இருக்கிறது. படுக்க வைத்துத்தான் பிடித்திருக்கிறார்.

இங்கிருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்கிறது.

"ஆறு வருஷமாவா?"