நான் கழற்றிய சிவப்பு போர்டு

டெங்கில்

அன்பு மகள் பெர்னிஸுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி உர்சுலாவும் சுகமாக இருப்பதைப் போட்டோவில் பார்த்தோம். குழந்தைக்கு என் மூக்கு, பாவம்.

நாலு மாதக் குழந்தையோடு கிறிஸ்மஸுக்கு வருகிறாய் என்றதும் அம்மா இப்போதே முறுக்கு மாவு அரைக்கக் கிளம்பிவிட்டாள். அதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசி வீட்டு சீதாலெட்சுமி, தெலுக் பங்லிமா காராங் பேக்டரியில் வேலை செய்கிறவள், உனக்கு ஞாபகம் இருக்கும். நாற்பது வீட்டுக்கும் தண்ணீர் தரும் நம் குழாய்க் கிணற்றை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாதா மாதம் தண்ணீரைப் போத்தலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மழையானாலும் மோட்டார் சைக்கிளில் லேபுக்குக் கொண்டுபோகிறாள். சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. போன மாதம் நைட்ரேட் கூடிவிட்டது, சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குப் போடும் உரம் மண்ணில் இறங்கியிருக்கிறதாம். உடனே நம் சேப்பல் கோயில் வாசல் பைப்பில், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் கலக்காதீர்கள் என்று சிவப்பு போர்டு மாட்டிவிட்டாள்.

அந்த ஞாயிறு சேப்பல் திருவிழா. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கிருந்தெல்லாமோ விருந்தாளிகள் வருகிறார்கள், மானம் போகிறதே என்று நான் அதைக் கழற்றி ஸ்டோரில் வைத்துவிட்டேன். உன்னையே இந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தானே வளர்த்தோம் என்ற திமிர் வேறு. அன்று காலையே சீதாலெட்சுமி வந்தாள், சத்தம் போடவில்லை. "கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும் அங்கிள், இது போகாது லா, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். பச்சப்புள்ள நீலம் பாஞ்சிடும்," என்றாள். "பெர்னிஸ் புள்ளையத் தூக்கிட்டு வர்றப்ப யாராச்சும் இந்த போர்டக் கழட்டுனா விட்டுடுவீங்களா?" என்று கேட்டாள். நான் ஸ்டோருக்குப் போய் போர்டை எடுத்துவந்தேன்.

எல்லார் முன்னாலும் நானே திரும்ப மாட்டினேன். மத்தியானம் கைக்குழந்தையோடு ஒரு பெண் பால் போத்தலைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்கு வந்தாள், போர்டைப் படித்தாள், திரும்பிப் போய்விட்டாள். சீதாலெட்சுமியைப் பெற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள், நூறு அங்கிள் சேர்ந்தாலும் அவள் ஒருத்திக்கு ஈடாக மாட்டோம்.

உங்கள் மூவரையும் ஆண்டவர் கண்ணின் மணிபோல் காக்கட்டும். குழந்தைக்குப் போத்தல் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டேன். பால்மாவு கலக்க வேறு தண்ணீரை யார் கொடுத்தாலும் வாங்காதே, கொடுப்பது நானாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உன் அப்பா
மாரிஸ்