ஊருணிக் கரைச் சுவர்

கோட்டையூர்
12-5-1968

அன்புள்ள மச்சானுக்கு, ஹாஜிரா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் மகள் ஷரபுன்னிசாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். சிங்கப்பூரில் தபால்தலைக்குப் பஞ்சமோ என்று உங்கள் மகள் கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

ஒரு சேதி. ஊருணிக் கரைப் பாதையை அகலமாக்கி, நம் வாசல் வழியாக டவுன் பஸ் வருகிற மாதிரி ரோடு போடப் போகிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கோட்டைச்சாமி அண்ணன் வீட்டுக்கே வந்திருந்தார். "இன்னும் முப்பது வருசத்துக்கு ஊரு இங்குட்டுத்தான் வளரும் தங்கச்சி. ஒங்க சுவரு முக்குதான் கரையில நீட்டிக்கிட்டு நிக்குது. அதை உள்ள தள்ளிக் கட்டிக்கிட்டா ரோடு வந்துரும். மாப்பிள்ளைக்கு எழுதிக் கேளும்மா, அவுக என்ன சொல்றாகன்னு பாப்போம்" என்றார்.

எனக்குச் சம்மதம்தான். இடம் உங்கள் பேரில் இருப்பதால் கேட்கிறேன்.

உங்கள்
ஹாஜிரா

சிங்கப்பூர்
2-6-1968

அன்புள்ள ஹாஜிராவுக்கு, ஹபீப் ரகுமான் எழுதுவது. நலம், நலமே நாடுகிறேன். தபால்தலை நிறைய இருக்கிறது, தூக்கம்தான் பஞ்சம் என்று மகளிடம் சொல்.

ரோடு வரட்டும். சுவரில் மட்டும் கை வைக்க ஒப்ப மாட்டேன். அது நம் பட்டா எல்லைக்குள் நிற்கிறது. தண்ணீருக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்க்காமல் நீ முற்றத்தில் தாராளமாக நடமாட வேண்டும் என்று இங்கே ராத்திரி வேலையும் பார்த்து அனுப்பிய காசில் கட்டிய சுவர். உனக்காகக் கட்டியது.

ஊருணிப் பக்கம் ஓரமாக மண் கொட்டித் தூர்த்துக்கொள்ளட்டும். இங்கே நாளைய ஊரை நினைத்துக் கடலையே தூர்க்கிறார்கள். ஓர் ஓரம் போனால் ஊருணி வற்றிவிடாது. அண்ணனிடம் இப்படியே சொல்.

இந்த வருஷமும் ஊருக்கு வர முடியாது போலிருக்கிறது. முதலாளி லீவு தர யோசிக்கிறார்.

ஹபீப் ரகுமான்

கோட்டையூர்
25-6-1968

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம். லீவு சேதி பார்த்து மகள் முகம் வாடிவிட்டது. நான் பழகிக்கொண்டேன்.

உங்கள் யோசனையைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசினார்களாம். பாதிப் பேர் மண் கொட்டலாம் என்றார்கள், பாதிப் பேர் கூடவே கூடாது என்றார்கள். கடைசியில் கோட்டைச்சாமி அண்ணன், "ரெண்டும் ஆகாதுன்னா ரோடே வேணாம்னு எழுதிர வேண்டியதுதான்" என்று சலித்துக்கொண்டாராம். ஆவணிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மச்சான், கடலை யாரும் குடத்தில் மொண்டு குடிப்பதில்லை. நம் ஊருணி குடிதண்ணீர். செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு இறங்குகிறோம், கால் கழுவினால்கூடக் காவல்காரர் வைவார். அதில் மண்ணைக் கொட்டச் சொன்ன வீடு என்று பேர் வந்தால் நான் எந்த முகத்தோடு குடம் எடுத்துப் போவேன்? நன்றாக யோசித்து எழுதுங்கள்.

ஹாஜிரா

சிங்கப்பூர்
14-7-1968

ஹாஜிராவுக்கு ஸலாம். நான் சொன்னது சொன்னதுதான். சுவர் நிற்கட்டும். ஊருணியில் கை வைக்கக்கூடாது என்றால் ரோடே வேண்டாம். ரோடு இல்லாமல் இத்தனை நாள் நமக்கு என்ன கெட்டுப்போய்விட்டது?

ஹபீப் ரகுமான்

கோட்டையூர்
28-7-1968

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம். என்ன கெட்டுப்போனது என்று கேட்டிருந்தீர்கள். கேட்காமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

முந்தின வருஷம் ஐப்பசியில், பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது என்று உங்களுக்கு எழுதினேன். அது பொய். மருத்துவச்சி கைவிரித்ததும் காரைக்குடியிலிருந்து கார் பிடித்து வந்தார்கள். நல்ல மழை. சுவர் முக்கில் கார் திரும்பவில்லை. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் நிறைந்து கிடக்கும் ஊருணி. என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். காருக்குப் போவதற்குள், அந்தச் சுவர் ஓரத்திலேயே, மழையில் பிறந்தான். ஆண் பிள்ளை. அழுதான் மச்சான். என் காதால் கேட்டேன். ஆஸ்பத்திரி போகும்வரை தாங்கவில்லை.

கார் வாசலுக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எனக்காகக் கட்டிய சுவரை நினைத்து, அங்கே தனியாகக் கிடந்து நொந்துபோவீர்களே என்றுதான் மறைத்தேன். யாரும் எழுதக்கூடாது என்று எல்லோரிடமும் கெஞ்சினேன். அன்றைக்குக் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தவர் கோட்டைச்சாமி அண்ணன். இந்த ரோட்டுக்காக அவர் ஏன் நாயாய் அலைகிறார் என்று இப்போது விளங்கும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தினமும் அந்த முக்கைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகிறேன். இனிமேல் என்னால் முடியவில்லை.

ஹாஜிரா

சிங்கப்பூர்
16-8-1968

என் ஹாஜிராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை காலம் இதை நீ ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாய்.

முதலாளியிடம் லீவு கேட்கவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்குகிறேன்.

ஊருணியில் ஒரு கூடை மண்கூட விழ வேண்டாம் என்று அண்ணனிடம் சொல். சுவர் முழுவதையும் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். நான் வரும்வரை மட்டும் யாரும் அதைத் தொட வேண்டாம். முதல் கல்லை நான் பெயர்க்க வேண்டும்.

அழுத பிள்ளையைப் பெயர் வைக்காமல் அடக்கம் செய்திருக்க மாட்டீர்கள். அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுதாதே. வந்து உன் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

உன்
ஹபீப் ரகுமான்