கார்டில் கட்டினால் வரி குறைவு

நவம்பர் 12, செவ்வாய்

நாங்கள் வந்து குடியேறிய சென்ட் லோரன்ட்டில், சாமான் வாங்கும் கடையில், கார்டில் கட்டினால் இந்த மாதம் மட்டும் விற்பனை வரியில் பாதியைக் கழிக்கிறார்கள். அறிவித்தலைக் கண்டதும் இவர் காசு தருவதை நிறுத்தித் தன் கார்டைத் தந்துவிட்டார். இன்று வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, போனில் வந்த கார்டுக் கணக்கைப் பார்த்தபடி கேட்டார்.

“மூண்டு மணிக்குக் கடைக்குப் போனனீரோ? சாமானுக்கு இவ்வளவோ?”

பதினெட்டு வருடமாகச் சாமான் காசில் மிச்சம் பிடித்துத்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கச்சிக்கு மருந்துக்கு அனுப்பினேன். இவருக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டார்.

“அடுத்த மாதம் கழிவு இல்லையே,” என்றேன்.

“இல்லாட்டி என்ன, பேந்தும் கார்டிலையே கட்டும். எனக்குப் பார்க்கச் சுகமாயிருக்கு.”

தங்கச்சியிடம் என்ன சொல்வது? இங்கே வரி குறைந்துவிட்டது என்றா?