சாவி போடாமல் எரியும் லைட்டு

முத்துக்கனி அப்பாவுக்கு,

சோறும் சாளை மீன் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏரலுக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். கார் சாவி ஆணியில் தொங்குகிறது.

நீங்கள் காருக்கு முன்னால் புதிதாக மாட்டிய இரண்டு மஞ்சள் லைட்டுதான் மனசை உறுத்துகிறது. பனிமூட்டத்துக்கு என்றீர்கள். தூத்துக்குடியில் என்றைக்குப் பனி மூடியது? திருப்பிக் கேட்டதற்கு, ஏரல் ரோட்டில் மாடு குறுக்கே வருகிறது என்றீர்கள். காலையில் காரைத் துடைக்கும்போது சுவிட்சில் கை பட்டுவிட்டது. சாவி வீட்டுக்குள் ஆணியில் கிடக்க, லைட்டு பளிச்சென்று எரிகிறது.

வயர் இழுத்த சொரிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சாவி போடாமலே எரியணும்னு அண்ணாச்சிதான் சொன்னாவ, அக்கா. நேரா பேட்டரியில இருந்து இழுத்திருக்கேன்" என்கிறான்.

நிற்கிற கார் யாருக்கு வெளிச்சம் காட்ட வேண்டும்? ஏரலுக்குப் போய் வந்ததாக நீங்கள் சொன்ன காரின் கால்மிதியில் மணலும் கடல் சிப்பியும் எப்படி வந்தன? நான் ஏரல் ஆற்றங்கரையில் பிறந்தவள். ஆற்று மணல் எது, கடல் மணல் எது என்று எனக்குத் தெரியும். கடத்தல் சரக்கைத் தேடி கஸ்டம்ஸ்காரன் நம் வாசலில் வந்து நிற்கக் கூடாது.

சாயங்காலம் சொரிமுத்து வருவான். சாவி போட்டால் மட்டும் எரிகிற மாதிரி வயரை மாற்றச் சொல்லியிருக்கிறேன். மாற்ற விட்டீர்கள் என்றால் நாளைக்கே வந்துவிடுவேன். அவனைத் திருப்பி அனுப்பினீர்கள் என்றால் அதுவே எனக்குப் பதில்.

செல்லத்தாய்

குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

அவன் வருவதற்கு முன்னால் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடாதீர்கள். லைட்டு எரியாது. அதன் ஃபியூஸை என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்.