அப்டேட்டில் போன பாடல்கள்

நவம்பர் 18, செவ்வாய்

சேலையூர் ஸ்டெல்லா டீச்சர் சாயங்காலம் போன் செய்தார். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற நான் எழுதிய சின்ன நிரல் ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்ட வேண்டியது. டீச்சர் பொறுமையாகக் கற்றுக்கொண்டு, சர்ச் பாடகர் குழுவின் பாடல்களை அதில் மாற்றி, மூன்று மாதமாக வரிவரியாகத் திருத்தி வைத்திருந்தார்.

"நீங்க நேத்து விட்ட அப்டேட்டைப் போட்டேன் தம்பி. பாட்டு இருந்த ஃபோல்டரே காணோம். நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"பாக்குறேன் டீச்சர்" என்று போனை வைத்துவிட்டேன்.

பார்த்தேன். தப்பு என்னுடையது. நிரலைக் கணினியிலிருந்து நீக்கும்போது குப்பை மிஞ்சக் கூடாதென்று, அதன் ஃபோல்டரைத் துடைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை, தானாக ஓடும் கட்டளைக் கோப்பு, நிரலை நிறுவும் பேக்கேஜில் வைத்திருந்தேன். நிரல் மாற்றித் தரும் கோப்புகளும் அதே ஃபோல்டரில்தான் சேரும். அப்டேட் செய்தாலும் பழைய பேக்கேஜின் அந்த ஸ்கிரிப்ட்தான் முதலில் ஓடும். இத்தனை வருஷம் பேக்கேஜ் கட்டியும் இது உறைக்கவில்லை. என் கணினியில் அந்த ஃபோல்டர் எப்போதும் காலி; துடைத்தாலும் தெரியாது.

இனித் திருத்தியும் பயனில்லை. திருத்தியதைப் போடும்போதும், ஏற்கெனவே கணினியில் இருக்கும் ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டு துடைத்துவிடும். எச்சரிக்கலாமென்றால், இணையத்திலிருந்து இந்த நிரலை யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது.

டீச்சரை இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. சற்றுமுன் அவரே மெசேஜ் அனுப்பியிருக்கிறார்: "நான்தான் எதையோ தப்பா அழுத்தியிருப்பேன். விடுங்க தம்பி. முதல்ல இருந்து ஆரம்பிச்சுட்டேன். நாலு பாட்டு முடிஞ்சுது."

அதே ஃபோல்டரில்தான் வைத்திருப்பார்.